கிறிஸ்துமஸ் மரம் ஏன் மொட்டையாகிறது?

கேள்வி: போன வருஷம் முதல் தடவையாக அசல் கிறிஸ்துமஸ் மரம் வாங்கினோம். டிசம்பர் முதல் வாரத்தில் ஜொகூர் பாருவில் வாங்கியது. பதினைந்தாம் தேதியே ஊசி ஊசியாகக் கொட்டத் தொடங்கிவிட்டது. திருநாளன்று மரத்தைத் தொட்டாலே தரையெல்லாம் பச்சை. எப்போதும் பசுமையாக இருக்கும் மரம் என்று சொல்லித்தானே விற்றார்கள்? "நம்ம ஊர் வெக்கைக்கு அது தாங்காது" என்கிறார் என் வீட்டுக்காரர். தோட்டத்தில் இருந்த காலத்தில் சவுக்குக் கிளைதான் வைப்போம், அது ஒருநாளும் இப்படிக் கொட்டியதில்லை என்கிறார் பாட்டி. யார் சொல்வது சரி? இந்த வருஷம் ஏர்கோன் போட்டால் மரம் தாங்குமா?
– வாசகி, மாசாய்

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஜொகூரில் பாதிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள். கடைக்காரர்களும் சொல்கிறார்கள், அவர்களுக்கு அது வசதியான பதிலும்கூட.

வெட்டிய மரம் எவ்வளவு வேகமாகக் காயும் என்பதை வெப்பத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. காற்றில் ஏற்கெனவே எவ்வளவு ஈரம் இருக்கிறது, இன்னும் எவ்வளவு ஈரத்தை அது உறிஞ்சும் என்பதையும் பார்க்க வேண்டும். இதை 'ஆவியழுத்தப் பற்றாக்குறை' என்பார்கள், அதாவது காற்றின் தாகம். கனடாவில் வெளியே பனி கொட்டும்போது வீட்டுக்குள் ஹீட்டர் போட்டிருப்பார்கள். அறை வெப்பம் 21 டிகிரி, ஈரப்பதம் 25 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் அந்தக் காற்றின் தாகம் சுமார் 1.9 கிலோபாஸ்கல். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருக்க, சன்னல் திறந்த உங்கள் கூடத்தில் 27 டிகிரியும் 80 விழுக்காடும் இருந்தால் அது 0.7 மட்டுமே. காயவைப்பதில் நம் கூடம் கனடா வீட்டில் பாதிகூட இல்லை. துவைத்த துணி டிசம்பரில் மூன்று நாளானாலும் காயவில்லை என்று அலுத்துக்கொள்கிறோமே, அதே காற்றுதான் மரத்தையும் சுற்றி இருக்கிறது.

ஏர்கோன் போட்டால் நிலைமை மாறும். அது குளிர்விப்பதோடு காற்றின் ஈரத்தையும் பிழிந்து வெளியே சொட்டவிடுகிறது. 24 டிகிரி, 55 விழுக்காடு என்றால் தாகம் 1.3 ஆகிவிடும், திறந்த கூடத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆக, மரத்துக்கு நல்லது செய்கிறோம் என்று அதை ஏர்கோனுக்கு நேர் எதிரே நிறுத்துபவர்கள் அதைக் காயத்தான் வைக்கிறார்கள். அதற்காக வெப்பத்தை முழுக்க விடுவித்துவிடவும் முடியாது. அதன் பங்கு வேறு, பின்னால் வருகிறேன்.

அடுத்து அந்தப் 'பசுமை மாறா மரம்'. இலை உதிர்க்காத மரம் என்று உலகில் எதுவும் இல்லை. எல்லா இலையையும் ஒரே சமயத்தில் உதிர்க்காது என்பதுதான் அதன் பொருள். உங்கள் வாசலில் மாமரமோ பலாவோ இருந்தால் அதுவும் பசுமை மாறா மரம்தான், ஆனால் நாள்தோறும் பெருக்குவது நீங்கள். நம் காடுகளில் பெரும்பாலான மரங்கள் இந்த வகைதான். ஜொகூரில் மொட்டையாக நிற்கும் மரம் வேண்டுமென்றால் தேடித்தான் போகவேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் பால்மரத் தோட்டத்துப் பக்கம் போனால் பார்க்கலாம். இலையெல்லாம் கொட்டி, பிறகு செம்புநிறத் தளிர் விடும். பாட்டி நன்றாக அறிவார்.

இனி உண்மைக் காரணம். இலை காய்ந்து செத்துப்போவதால் உதிர்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். காற்றுமழையில் முறிந்து தொங்கும் மாங்கிளையைக் கவனியுங்கள். இலைகள் சருகாகி, பழுப்பேறி, மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டே இருக்கும், விழாது. நிற்கும் மரத்தில் பழுத்த இலையோ காம்போடு சுத்தமாகக் கழன்று விழும். இலையை உதிர்ப்பது ஒரு வேலை. காம்பின் அடியில் மெல்லிய ஓர் அடுக்கு இருக்கிறது, அதை உதிர்படலம் என்பார்கள். அங்குள்ள உயிரணுக்கள் ஒன்றையொன்று பிணைத்திருக்கும் பசையைத் தாங்களே கரைத்துவிட்டால்தான் இலை கழலும். செத்த அணு அந்த வேலையைச் செய்யாது. உங்கள் ஃபர் மரம் ஊசியை உதிர்த்தபோது உயிரோடுதான் இருந்தது. இந்த வருஷம் உதிர்ந்த ஒரு கிளையைக் கையிலெடுத்துப் பாருங்கள். ஊசி இருந்த ஒவ்வோர் இடத்திலும் வழவழப்பான சின்ன வட்டத் தழும்பு தெரியும். பிய்ந்த இடமாக இருந்தால் நார் நாராக அல்லவா இருக்கும்? (ஐரோப்பாவில் வைக்கும் ஸ்ப்ரூஸ் மரத்தின் கதை வேறு. அது காயும்போது ஊசியின் அடி சுருங்கித் தானாகவே விண்டுவிடும். இங்கு விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் நோபிள் ஃபர், ஃபிரேசர் ஃபர் என்ற அமெரிக்க வகைகள்.)

உதிர்படலத்துக்கு உத்தரவு போடுவது எத்திலீன். இது செடிகள் தாமே உண்டாக்கும் ஒரு வாயு. வாழைத்தாரைப் பழுக்கவைப்பதும் இதுதான். ஜொகூர்க்காரர்களுக்கு இது அந்நியமான சரக்கே இல்லை. 1968இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஆபிரகாம், வைச்சர்லி, பாக்கியநாதன் ஆகிய மூவர், எத்திஃபோன் என்ற மருந்தை மரத்தில் தடவினால் பால் கூடுதலாக வடிகிறது என்று எழுதினார்கள். எத்திஃபோன் பட்டைக்குள் போய் எத்திலீனாக உடைகிறது. அதனால் பால் சீக்கிரம் உறைந்து வெட்டை அடைக்காமல், மங்கு நிறையும்வரை வடிகிறது. தோட்டத்தில் வெட்டுப்பட்டையில் 'மருந்து பூசியவர்கள்' பூசியது பெரும்பாலும் இதைத்தான். பொந்தியான் பக்கம் அன்னாசித் தோட்டங்களில் எல்லாச் செடியும் ஒரே சமயத்தில் பூக்க ஊற்றுவதும் இதே மருந்து.

கிறிஸ்துமஸ் மரத்தில் இதன் கைவரிசையைக் கனடாவில் சோதித்துப் பார்த்தார்கள். லவால் பல்கலைக்கழகத்து ஸ்டீவ் பெப்பான், நோவா ஸ்கோஷியா வேளாண் கல்லூரியின் ராஜசேகரன் லாடா ஆகியோரின் குழு, பால்சம் ஃபர் கிளைகளை வெட்டித் தண்ணீரில் வைத்தது. இந்த பால்சம் ஃபர், ஃபிரேசர் ஃபருக்கு நெருங்கிய சொந்தம். சுமார் பத்து நாளில் கிளைகள் எத்திலீனை வெளிவிடத் தொடங்கின. அடுத்த சில நாளில் ஊசி உதிரத் தொடங்கியது. 40 நாளில் கிளை மொட்டை. எத்திலீன் வேலை செய்யாதபடி தடுக்கும் மருந்தைக் கொடுத்த கிளைகள் 73 நாள் தாங்கின. எத்திலீன் உண்டாவதையே தடுத்த கிளைகள் 87 நாள். எல்லாக் கிளைக்கும் தண்ணீர் இருந்தது, அறையும் ஒன்றுதான். குற்றவாளி யார் என்பதில் இனி சந்தேகம் வேண்டாம்.

இப்போது உங்கள் மரத்தின் பயணத்தை நினைத்துப் பாருங்கள். அமெரிக்க மேற்குக் கரையில் வெட்டி, கட்டி, குளிர்க் கொள்கலனில் ஏற்றி, பசிபிக்கைக் கடந்து, டிசம்பர் தொடக்கத்தில் ஜொகூர் கடைக்கு வரவேண்டுமென்றால் நவம்பர் தொடக்கத்திலேயே, சில சமயம் அதற்கும் முன்பே, வெட்டியாக வேண்டும். உங்கள் வீட்டுப் படி ஏறியபோதே அது வேரைப் பிரிந்து மாதம் ஒன்று ஆகியிருக்கும். கொள்கலனின் குளிர் அதன் உள்வேலைகளை மந்தப்படுத்தி வைத்திருந்தது. வெளியே எடுத்ததும் எல்லாம் விழித்துக்கொண்டன. வெப்பத்தின் பங்கு இங்குதான் வருகிறது. செடியின் உள்ளே நடக்கும் வினைகள் பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய இரட்டை வேகம் எடுக்கும். இன்னொன்றும் உண்டு. இலையுதிர்காலக் குளிர் இரவுகள் சிலவற்றைப் பட்ட பிறகு வெட்டிய மரம் ஊசியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இதைக் குளிர்ப்பழக்கம் என்பார்கள், குளிருக்காக மரம் தன்னைத் தயார்படுத்திக்கொள்வது. தொலைதூரச் சந்தைக்காக அவசரமாக வெட்டிய மரத்துக்கு அந்த இரவுகள் போதிய அளவு கிடைத்திருக்காது.

பாட்டி சொன்னதற்கு வருகிறேன். அவர் பார்த்தது உண்மை, ஆனால் சவுக்கும் ஃபரும் உறவே இல்லை. ஃபர் கூம்பு காய்க்கும் மரம். சவுக்கு பூக்கும் மரம், தேசாரு கடற்கரையில் மணலில் தானாக நிற்பது. அதன் பச்சை 'ஊசி' இலையே அல்ல, மெல்லிய குச்சி. ஒன்றைப் பறித்து இரு விரலால் இழுத்தால் கணு கணுவாகக் கழலும். ஒவ்வொரு கணுவிலும் கிரீடம் வைத்ததுபோல் ஆறேழு சின்னப் பற்கள் இருக்கும், அவைதான் இலை. வெட்டிய சவுக்கும் சில நாளில் நிறம் மங்கி, குச்சி குச்சியாக உதிரத்தான் செய்யும். ஆனால் தோட்டத்து வழக்கம் என்ன? திருநாளுக்கு முதல் நாள் மாலை கிளையை வெட்டி, மண்ணெண்ணெய் டின்னில் ஈர மணல் போட்டு நட்டு, பலூனும் பஞ்சும் ஒட்டுவார்கள். புத்தாண்டுக்குள் எடுத்துவிடுவார்கள். ஐந்தாறு நாளில் அது என்ன கொட்டிவிடப் போகிறது?

ஆகவே, அசல் ஃபர்தான் வேண்டுமென்றால் கூடியவரை தாமதமாக வாங்குங்கள். கடையில் ஒரு கிளையை உள்ளங்கையால் இழுத்துப் பாருங்கள். கை நிறைய ஊசி வந்தால் அடுத்த மரத்துக்குப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் அடித்தண்டில் இரண்டு மூன்று செண்டிமீட்டரை வட்டமாக அறுத்து எறியுங்கள். பழைய வெட்டில் பிசின் கட்டித் தண்ணீர் ஏறும் வழியை மூடியிருக்கும். தாங்கியில் நுழையவில்லை என்று தண்டைச் சுற்றிலும் சீவாதீர்கள், தண்ணீர் ஏறுவது பட்டையை ஒட்டிய வெளிக்கட்டையில்தான். இரண்டரை செண்டிமீட்டர் தண்டுக்கு நாளைக்கு ஒரு லிட்டர் என்பது பொதுக் கணக்கு, ஆகப் பத்து செண்டிமீட்டர் தண்டுக்கு நான்கு லிட்டர். வெறும் குழாய்த் தண்ணீர் போதும். சீனி, ஆஸ்பிரின், 7-அப் எல்லாம் கிருமிக்குத்தான் விருந்து. ஃபேனும் ஏர்கோனும் நேராகப் படாத மூலையில் வையுங்கள். பழுத்த வாழைப்பழத் தட்டை மரத்தடியில் வைக்காமலிருந்தால் நல்லது. ஒரு சீப்புப் பழம் மரத்தை மொட்டையடித்துவிடாது என்றாலும், எத்திலீனை நாமே ஏன் கொண்டுபோய் வைக்கவேண்டும்?

என்னைக் கேட்டால், நாற்றுப்பண்ணையில் தொட்டியோடு விற்கும் அரௌக்காரியாவைச் சொல்வேன். நோர்ஃபோக் தீவு மரம், பனியே கேட்காது. வேரோடு இருப்பதால் உதிர்க்கும் அவசரமும் அதற்கு இல்லை. ஜனவரியில் வாசலில் வைத்து, அடுத்த டிசம்பரில் மறுபடி உள்ளே தூக்கிக்கொள்ளலாம்.

எதை வைத்தாலும் அடியில் நிற்கும் தண்ணீரை மறக்காதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும், கிறிஸ்துமஸ் மரமோ மூன்று வாரம் நிற்கிறது. அன்றாடம் ஊற்றிக்கொண்டே இருந்தாலும் புழு போகாது. தாங்கியின் வாயைத் தண்டோடு சேர்த்து நெருக்கமான கொசுவலைத் துணியால் கட்டிவிட்டு, துணியின் மேலேயே தண்ணீர் ஊற்றுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் அபேட் மணலையும், பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுப்படி, சிறிது தூவலாம். சுகாதாரத் துறையினர் வந்து தாங்கியில் கொசுப் புழுவைக் கண்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு, அது மரத்தடியில் இருந்தாலும் சரி.