‘போயிட்டு வர்றேன்’னு சொன்னா, வரணும்!

அன்புத் தங்கச்சிகளுக்கும் தம்பிகளுக்கும்,

நம்ம ஊர்ல யாரும் அடுத்தவங்க வாசல்ல நின்னு ‘போறேன்’னு சொல்ல மாட்டோம். ‘போயிட்டு வர்றேன்’தான். அந்த ‘வர்றேன்’ எவ்வளவு பெரிய வாக்குன்னு எனக்கு ஒரு அப்பத்தாதான் புரிய வச்சாங்க.

எங்க அன்பியத்தைச் சேர்ந்தவங்க. ஞாயிறு காலைப் பூசையில பெண்கள் பக்கம் தூண் ஓரமா உட்காருவாங்க. அவங்க வீட்டுக்கார ஐயா தவறினப்ப கோயிலே திரண்டு அவங்க வீட்டுக்குப் போச்சு. அடக்கம், ஏழாம் நாள், முப்பதாம் நாள் பூசைன்னு எல்லாத்துக்கும் கூட நின்னோம். கிளம்பும்போது ஆளாளுக்கு அவங்க கையைப் பிடிச்சு, ‘போயிட்டு வர்றோம் அப்பத்தா’ன்னு சொன்னோம். நான் மறுபடி அந்தப் படியேறினது நாலு மாசம் கழிச்சு. அதுவும், ‘தூண் ஓரம் உட்கார்ற அப்பத்தாவை எங்கம்மா காணோம்?’னு என் மக கேட்ட பிறகு.

“வர்றேன்னு சொன்னீங்கள்ல, அதான் சாயங்காலமானா கதவைத் திறந்து வச்சிட்டு உட்கார்ந்திருப்பேன்”னாங்க. குத்திக் காட்டணும்னு சொல்லல. நடந்ததைச் சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

இது நம்ம ஊர் வருத்தம் மட்டும் இல்ல. உலகத்துல ஆறு பேர்ல ஒருத்தர் தனிமையால வாடுறாங்க, வருஷத்துக்கு 8,71,000 பேருக்கு மேல சாகுறதுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூன்ல சொல்லியிருக்கு. பிரிட்டன் 2018-லயும் ஜப்பான் 2021-லயும் இதுக்குன்னே அமைச்சர் போட்டாங்க. இங்க காரைக்குடியில ஆயிரம் ஜன்னல் வீட்டைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வர்றாங்க. நம்ம தெருவுல ஒரு வாரமா ஜன்னல் திறக்காத வீட்டைப் பார்க்க வேண்டியது நாமதான். பிள்ளைங்க சென்னையில, சிங்கப்பூர்ல, வளைகுடாவுல. பணம் மாசாமாசம் வந்துடுது. பேச்சுத்துணைதான் வரல.

நம்மகிட்ட அன்பியம் இருக்கு. பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்து, ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியணும்னுதான் பங்கை அன்பியம் அன்பியமாப் பிரிச்சு வச்சிருக்காங்க. திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்க. ஆதித் திருச்சபையில அன்றாடப் பந்தியில சில கைம்பெண்களைக் கவனிக்காம விட்டுட்டாங்கன்னு முணுமுணுப்பு எழுந்தது. உடனே அதுக்குன்னு ஏழு பேரைத் தேர்ந்தெடுத்துப் பொறுப்பைக் கொடுத்தாங்க. ‘எல்லாரும் பார்த்துக்குவாங்க’ன்னு விட்டா யாரும் பார்க்க மாட்டாங்கன்னு அப்பவே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

நான் தவறிக் கத்துக்கிட்டதை உங்களுக்கு வரிசையாச் சொல்றேன்.

1. காலி இடத்தைப் பாருங்க

கோயில்ல வந்தவங்களைத்தான் விசாரிக்கிறோம். வராதவங்களை யாரும் எண்ணுறதில்ல. ஒவ்வொரு அன்பியத்துக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தனியா இருக்கிறவங்க, நோயாளிங்க, புதுசா துணையை இழந்தவங்க பேரை எழுதுங்க. ஒவ்வொரு பேருக்கும் நேரே பொறுப்பாளர் ரெண்டு பேர். ஒரு ஞாயிறு காணோம்னா போன். ரெண்டாவது ஞாயிறும் காணோம்னா நேர்ல. வாசல்ல பால் பாக்கெட் எடுக்காம கிடந்தா அன்னிக்கே, அந்த நிமிஷமே. பால்காரர், பேப்பர் போடுற தம்பி, பூக்காரம்மா இவங்ககிட்ட உங்க நம்பரைக் கொடுத்து வைங்க. நமக்கு முன்னாடி அவங்களுக்குத்தான் தெரியும்.

2. ரெண்டு ரெண்டு பேராப் போங்க

மரியாயின் சேனை 1921-ல டப்ளின்ல தொடங்கினப்ப இருந்தே சந்திக்கப் போறவங்க ஜோடியாத்தான் போறாங்க. 1833-ல பாரிஸ்ல தொடங்கின வின்சென்ட் தே பவுல் சபையிலயும் அதே வழக்கம்தான். சி.எஸ்.ஐ. சபையில இருக்கிறவங்க பெண்கள் ஐக்கிய சங்கம் வழியா இதைச் செய்யலாம். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் வீட்டைக் கவனிக்கலாம்: அடுப்பு பத்தவச்ச அடையாளம் இருக்கா, மாத்திரை அட்டை அப்படியே இருக்கா, குளியலறைத் தரை வழுக்குதா. ஒருத்தருக்கு உடம்பு முடியலைன்னாலும் மற்றவர் போவார், முறை தவறாது. வாராவாரம் ஆளை மாத்தாதீங்க. ஒவ்வொரு புது முகத்துக்கும் முதல்லேருந்து கதை சொல்றது அவங்களுக்குப் பெரிய அலுப்பு.

3. இருபது நிமிஷம் போதும், ஆனா அதே கிழமை

ரெண்டு மணி நேரம் உட்கார்ந்துட்டு மூணு மாசம் காணாமப் போறதைவிட, வாரம் இருபது நிமிஷம் எவ்வளவோ மேல். கிழமையும் நேரமும் மாறக்கூடாது. ‘செவ்வாய் அஞ்சு மணி’ன்னு தெரிஞ்சா, திங்கள் ராத்திரியே அவங்களுக்கு ஒரு எதிர்பார்ப்பு வந்துடும். சாப்பாட்டு வேளையிலயும் மதியத் தூக்க நேரத்துலயும் போகாதீங்க. முடியாத வாரம் முன்கூட்டியே சொல்லிடுங்க. சொல்லாம விடுற ஒரு செவ்வாய், வந்த பத்து செவ்வாயையும் அழிச்சிடும்.

4. வெறுங்கையோட அனுப்பாதவங்ககிட்ட வாங்கிக்குங்க

நம்ம பக்கத்துல பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டாங்க. நாலு முருங்கைக்காயாவது போட்டுத்தான் தருவாங்க. அந்த மரியாதையைக் காப்பாத்துங்க. நீங்க ஒரு கிண்ணம் குழம்பு கொண்டு போனா, அவங்க தர்ற காப்பியைக் குடிங்க. ‘வேணாம், சிரமப்படாதீங்க’ன்னு தடுத்துட்டா, கொடுக்கிற சந்தோஷத்தையும் அவங்ககிட்ட இருந்து பிடுங்கின மாதிரி ஆகிடும்.

5. கேட்க வேண்டியதும் வேண்டாததும்

‘பிள்ளைங்க ஏன் வரல?’, ‘தனியாவா இருக்கீங்க?’, ‘இன்னும் கல்யாணம் ஆகலையா?’, ‘விசேஷம் உண்டா?’ இந்த நாலையும் வாசலுக்கு வெளியே வச்சிட்டு உள்ளே போங்க. துக்கத்துல இருக்கிறவங்ககிட்ட ‘எல்லாம் ஆண்டவர் சித்தம்’னு அவசரமாச் சொல்லாதீங்க. பெத்தானியாவுல லாசர் கல்லறைக்குப் போறதுக்கு முன்னாடி இயேசுவே அழுதார். அவங்க அழுதா நாமும் பக்கத்துல பேசாம உட்கார்ந்திருப்போம்.

‘நேத்து என்ன சமைச்சீங்க?’ன்னு கேளுங்க. சாதாரணக் கேள்விதான், ஆனா நிறைய சொல்லும். ‘ஒருத்திக்கு எதுக்கு அடுப்பு, பன்னும் டீயும் போதும்’னு பதில் வந்தா, கவனிக்க வேண்டிய நேரம் வந்துடுச்சு. ‘ராத்திரி தூக்கம் வருதா?’ அடுத்தது. சுவத்துல மாட்டியிருக்கிற போட்டோவைப் பார்த்து ‘இது யாரு, எந்த வருஷம்?’னு கேட்டா அதுக்கப்புறம் வேற கேள்வியே தேவைப்படாது.

6. அன்பியக் கூட்டத்தை அவங்க வீட்டுக்குக் கொண்டு போங்க

நடக்க முடியாதவங்களைக் கூட்டத்துக்கு வரச் சொல்றதைவிட, கூட்டம் அவங்க வீட்டுக்குப் போகட்டும். ஒண்ணு மட்டும் கண்டிப்பாப் பாருங்க: பலகாரம். ஒரு வீட்டுல கேசரி, அடுத்த வீட்டுல பணியாரமும் சட்னியும், அதுக்கடுத்த வீட்டுல கூல்ட்ரிங்ஸ்னு ஏறிக்கிட்டே போனா, இல்லாத வீடு ‘எங்க முறை வேண்டாம்’னு சத்தமில்லாம ஒதுங்கிடும். சுண்டல், டீ, அவ்வளவுதான்னு அன்பியத்துல பேசி முடிவு பண்ணுங்க. நாற்காலியை நாமே தூக்கிட்டுப் போவோம், டம்ளரை நாமே கழுவி வச்சிட்டு வருவோம். முதல் வெள்ளிக்கு நோயாளிங்களுக்கு வீட்டுக்கு நன்மை வரும்போது, கூடவே ஒரு குடும்பம் போய் நின்னா அந்த வீடே கோயிலாகிடும்.

7. அவங்ககிட்ட உதவி கேளுங்க

இதுதான் நான் ரொம்பத் தாமதமாக் கத்துக்கிட்டது. தனியா இருக்கிறவங்களுக்குப் பெரிய வலி, ‘நம்மால இனி யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்ல’ங்கிற நினைப்பு. ஜிம்பாப்வேயில டிக்சன் சிபாண்டான்னு ஒரு மனநல மருத்துவர் 2006-ல பதினாலு பாட்டிங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவங்க மருத்துவ நிலையத்துக்கு வெளியே மரப் பெஞ்சுல உட்கார்ந்து, மனசு நொந்து வர்றவங்க பேச்சைக் கேட்டாங்க. 2016-ல வந்த ஆய்வுல, அந்தப் பெஞ்சுல பேசினவங்களுக்கு ஆறு மாசத்துல மனச்சோர்வு நல்லாவே குறைஞ்சிருந்தது. பாட்டிங்க கேட்டதுதான் மருந்தா இருந்திருக்கு.

நம்ம அப்பத்தாக்களுக்கும் நிறைய தெரியும். கும்மாயம் பதம், கவுனி அரிசி எவ்வளவு நேரம் ஊறணும், பழைய மாதா பாட்டு மெட்டு, தபசு காலத்துச் செபங்கள். மறைக்கல்விப் பிள்ளைங்களை ரெண்டு ரெண்டு பேரா அனுப்பிக் கத்துக்கச் சொல்லுங்க.

8. துக்க வீட்டுக்கு முப்பதாம் நாளுக்கு அப்புறம் போங்க

முப்பது நாள் வரைக்கும் ஊர் இருக்கும். முப்பத்தொண்ணாம் நாள்தான் வீடு பெருசாத் தெரியும். நோட்டுல இந்த நாட்களைக் குறிச்சுக்குங்க: மூணாம் மாசம், இறந்தவரோட பிறந்தநாள், அவங்க கல்யாண நாள், முதல் கிறிஸ்துமஸ், முதல் கல்லறைத் திருநாள். நவம்பர் 2 அன்னிக்குக் கல்லறைக்குப் போகும்போது ஒரு மெழுகுவர்த்தி கூடுதலா வாங்கிட்டு, அவங்களையும் ஆட்டோவுல கூட்டிட்டுப் போங்க. ஜூலை நாலாவது ஞாயிறு தாத்தா பாட்டிகள் நாள். 2021-ல திருத்தந்தை பிரான்சிஸ் தொடங்கி வச்சது. பொன்னாடை போர்த்துறோம், நல்லது. அதைப் போர்த்தின கையே அடுத்த ஞாயிறும் அவங்களைப் பிடிச்சுப் படியேத்தட்டும்.

9. இளசுகளை மறந்துடாதீங்க

தனிமைக்கு நரை தேவையில்ல. அழகப்பா பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து விடுதியில இருக்கிற பிள்ளை, கல்யாணமாகிப் புதுசா நம்ம பங்குக்கு வந்த பொண்ணு, வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்க ரெண்டு குழந்தையோட தவிக்கிற அம்மா, வடமாநிலத்துல இருந்து வேலைக்கு வந்து மொழி புரியாம கடைசி வரிசையில நிக்கிற தம்பி. மாசத்துல ஒரு ஞாயிறு, உங்க வீட்டுச் சாப்பாட்டுல ஒரு இலை அவங்களுக்கு. தனிச் சமையல் வேண்டாம், நீங்க சாப்பிடுறதே போதும்.

10. வாட்ஸ்அப் வாசல்ல வந்து நிக்காது

காலையில பூப்படம் அனுப்புறது தப்பில்ல. ஆனா நூறு பேருக்கு ஒரே படத்தை அனுப்புறதுல யாருக்கும் தன் பேர் இருக்காது. ஒருத்தருக்குத் தினமும் ஒரே நேரத்துல மூணு நிமிஷம் போன் பண்ணுங்க. ‘அப்பத்தா, மாத்திரை போட்டாச்சா?’ன்னு பேர் சொல்லி, முறை சொல்லிக் கேட்கிற குரல் வேற.

11. கேட்டது காதோட இருக்கணும்

ரொம்ப முக்கியம். ஒருத்தர் வீட்டுக் கஷ்டத்தைச் செபக் கருத்துங்கிற பேர்ல கூட்டத்துல சொல்லிடாதீங்க. ‘இன்னார் மகன் குடிக்கிறான், அவனுக்காக வேண்டிக்குவோம்’னு சொன்ன நிமிஷமே அந்த வீட்டுக் கதவு நமக்கு மூடிடும். அவங்க அனுமதி இல்லாம சாமியார்கிட்ட கூடச் சொல்ல வேண்டாம். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் விதிவிலக்கு. வங்கி அட்டை, பின் நம்பர், நகை, பத்திரம் எதையும் தொடாதீங்க. பென்ஷன் எடுக்கத் துணைக்குப் போனாலும் ரெண்டு பேராப் போய், ரசீதை அவங்க கையில கொடுத்துட்டு வாங்க.

12. நம்மால முடியாததை அறிஞ்சுக்குங்க

சாப்பாடு, குளியல் ரெண்டையும் விட்டுட்டா, தூக்கமே இல்லைன்னா, ‘நான் இருந்து என்ன ஆகப்போகுது’ன்னு பேச ஆரம்பிச்சா, செபமும் செய்யுங்க, டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போங்க. மனசு விட்டுப் பேச டெலி மானஸ் 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம். முதியவங்களுக்கு 14567. ரெண்டையும் பெரிய எழுத்துல எழுதி போன் பக்கத்துல ஒட்டி வைங்க. ‘சாகணும்’னு ஒருத்தர் சொன்னா அன்னிக்கு ராத்திரி அவங்களைத் தனியா விடாதீங்க.

கடைசியா ஒண்ணு. நம்ம சிவகங்கை மறைமாவட்டத்துச் சருகணிக் கோயிலுக்கு மருது சகோதரர்கள் தேர் கொடுத்த கதையை நாமெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிறோம். ஊர் கூடினாத்தான் தேர் நகரும். ஆனா தேர் வருஷத்துக்கு ஒரு நாள். மத்த நாள்ல நகர வேண்டியது நம்ம கால்தான். அதுக்கு ஊர் கூட வேண்டாம், ரெண்டு பேர் போதும்.

அந்த அப்பத்தா இப்பவும் தனியாத்தான் இருக்காங்க. முட்டி வலி, படியேற முடியல. ஆனா எங்க அன்பியத்து நோட்டு இப்ப அவங்க வீட்டுலதான் இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்து அதுல இருக்கிற மூணு பேருக்குப் போன் பண்றாங்க. போன வாரம் எனக்குக் காய்ச்சல், செவ்வாய்க்கிழமை போக முடியல. ஆறு மணிக்கு என் போன் அடிச்சது. “என்னம்மா, உன்னைக் காணோம்? கஞ்சி குடிச்சியா?”ன்னாங்க. அந்த நோட்டுல என் பேரையும் எழுதிட்டாங்களாம்.

இந்த ஞாயிறு பூசை முடிஞ்சதும் ஒரு நிமிஷம் நின்னு, யார் இடம் காலியா இருக்குன்னு பாருங்க. ஒரே ஒரு பேர். செவ்வாய்க்கிழமை போங்க. கிளம்பும்போது ‘போயிட்டு வர்றேன்’னு சொல்லுங்க.

அடுத்த செவ்வாயும் போங்க.

அன்புடன்,
உங்க அக்கா