பெயருக்குக் காத்திருந்த வண்டு

மிகச் சிறியதை எள்ளளவு என்போம். எள்ளினும் சிறிய மண்வாழ் வண்டு ஒன்று உண்டு. நீளம் 0.79 மில்லிமீட்டர், நிறம் வெளிர்மஞ்சள், கண்ணும் இல்லை, சிறகும் இல்லை. கென்யா நாட்டில் 1964-65 ஆம் ஆண்டுகளில் வில்லியம் பிளாக் என்பார் திரட்டிய மண் மாதிரிகளில் இது அகப்பட்டது. பின்னர் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை அடைந்தது. மைக்கேல் டார்பி அதனை ஆய்ந்து, 2019-இல்தான் 'நெலோப்டோடெஸ் கிரேட்டே' எனப் பெயரிட்டார். ஸ்வீடன் நாட்டு இளம் சூழல் ஆர்வலர் கிரேட்டா துன்பர்க்கைச் சிறப்பிக்கும் பெயர் அது.

பெயரிடுதல் எளிதன்று. உறுப்புகளை நுண்ணோக்கியில் கண்டு அளந்து, உறவினங்களோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளை எழுதி வெளியிட வேண்டும். அதுவரை அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. பெயரில்லாத உயிரினம் அழிந்தால், அழிந்தது இன்னதென்று சொல்லவும் இயலாது. ஆகவே, மாணவ நண்பர்களே, வகைப்பாட்டியலை வெறும் மனப்பாடப் பாடமென்று ஒதுக்கிவிடாதீர்கள்!