காலையில் கம்பு, மாலையில் கடலைமிட்டாய்

(இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன், தேவாரம்)



ஆண்டு மலர் என்றால் கவிதை எழுதத்தான் நம்மில் பலர் முன்வருவார்கள். எனக்குக் கவிதை வராது. கணக்கு கொஞ்சம் வரும். ஆகவே, நாம் தினமும் செய்தும் ஒருநாளும் கணக்குப் பார்க்காத ஒரு காரியத்தைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். அதுதான் சாப்பாடு. அதிலும் அவசரத்தில் நாம் விட்டுவிடுகிற காலைச் சாப்பாடும், ஆசையால் விடமுடியாத இனிப்பும்தான் இந்தக் கட்டுரையின் பொருள்.

நான் டாக்டருக்குப் படிப்பவன் அல்ல. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆனால் இதில் ஒருமுறை அடிபட்டு எழுந்தவன். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

நான் விழுந்த கதை

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். டிப்ளமோ முடித்ததும் அதையும் எழுதிப் பார்க்கலாம் என்று எங்கள் ஊர்ப் பையன்கள் நாலைந்து பேர் விடிகாலை 5 மணிக்கு ஓட ஆரம்பித்தோம். அந்த நேரத்தில் ஏலத்தோட்டத்து வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற ஜீப்புகள் விளக்கைப் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும். அதில் ஒரு ஜீப்பில் என் அம்மா இருப்பார்.

ஓடுகிற இடத்தில் ஒருவர் யோசனை சொன்னார். "தம்பி, உடம்பு இரும்பு மாதிரி ஆகணும்னா இனிப்பத் தொடாத. காலையில ஒண்ணும் திங்காத. இந்தப் பவுடர மட்டும் குடி." அவர் காட்டிய டப்பாவின் விலை என் அம்மாவின் ஆறு நாள் கூலி. அம்மாவிடம் கேட்டேன். மறு பேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார்.

டப்பா பெரியதல்ல. பதினைந்தாம் நாளே அடி தெரிந்தது. நான்கு நாள் கழித்து, ஓடிவிட்டு வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்து ஃபிட்டிங் ஷாப்பில் அரம் ராவிக்கொண்டிருந்தேன். கண்முன் பூச்சி பறந்தது. அப்புறம் நினைவில்லை. கண் விழித்தபோது சார் என் தலையைப் பிடித்துக்கொண்டு, "காலையில என்னடா சாப்பிட்ட?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வைஸின் கைப்பிடியில் நெற்றி பட்டு மூன்று தையல்.

தையல் பிரித்த பிறகுதான் நூலகத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததைக் கீழே தருகிறேன்.

எஞ்சினும் உடம்பும்

நமக்குத் தெரிந்த பாஷையிலேயே பேசுவோம். எஞ்சின் ஓட எரிபொருள் வேண்டும். தேய்மானத்தைச் சரிசெய்ய உதிரிப்பாகம் வேண்டும். உடம்புக்கு மாவுச்சத்தும் கொழுப்பும் எரிபொருள், புரதம் உதிரிப்பாகம். மாவுச்சத்து 1 கிராமில் 4 கலோரி, புரதம் 1 கிராமில் 4 கலோரி, கொழுப்பு 1 கிராமில் 9 கலோரி.

மூளை மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸைச் செலவழிக்கிறது. தூங்கும்போதும் அந்தச் செலவு நிற்பதில்லை. கல்லீரலில் இருக்கும் கையிருப்பு சுமார் 100 கிராம்தான். ராத்திரி 8 மணிக்குச் சாப்பிட்டவனுக்கு விடிவதற்குள் அதில் பெரும்பங்கு கரைந்துவிடும். அதன்மேல் ஓட்டமும் ஓடிவிட்டு, சாப்பிடாமல் பட்டறையில் நின்றால் என்ன ஆகும்? நான் விழுந்ததுபோல் விழ நேரிடும். எல்லோரும் விழுவதில்லை. ஆனால் கை நடுக்கமும், எரிச்சலும், முதல் பீரியடில் தூக்கமும் நம்மில் யாருக்கு இல்லை?

புரதக் கணக்கையும் பார்ப்போம். ஒரு கிலோ எடைக்குத் தினம் 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் அளவு. 60 கிலோ எடையுள்ளவனுக்கு 50 கிராம். இதைப் பருப்பு, கடலை, முட்டை, மோரிலேயே எடுத்துவிடலாம். 2024-இல் அந்தக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு நாள் கூலியை நினைத்து அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இன்னொரு செய்தி. அந்த நிறுவனம் பிறந்ததே நம் மேற்குத் தொடர்ச்சி மலையில்தான். 1918-இல் நீலகிரி குன்னூரில் ஒரே ஒரு அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் என்பவர் தொடங்கியது அது. 1958-இல் ஹைதராபாத்துக்குப் போனது. அரிசியைத் தவிட்டோடு சாப்பிட்டவரையில் கிடைத்த பி1 வைட்டமின், வெள்ளை வெளேரென்று தீட்டிச் சாப்பிட ஆரம்பித்ததும் கிடைக்காமல் போனதால் வரும் நோய்தான் பெரிபெரி. வெள்ளைதான் உயர்த்தி என்று நினைத்துக் கம்பையும் கேழ்வரகையும் கைவிட்ட நமக்கு அது ஒரு பாடம்.

பத்து நிமிடக் காலைச் சாப்பாடு

"நேரமில்லை" என்பதுதான் நாம் எல்லோரும் சொல்லும் காரணம். பஸ் 7 மணிக்கு என்றால் யார் சமைப்பது? கீழே உள்ளவற்றுக்கு முதல்நாள் ராத்திரி கொஞ்சம் வேலை, காலையில் பத்து நிமிடம் போதும்.

1. கம்மங்கூழ்: 60 கிராம் கம்பு மாவில் காய்ச்சிய கூழ், ஒரு தம்ளர் மோர், கூடவே ஒரு கைப்பிடி (30 கிராம்) வறுத்த நிலக்கடலை. சுமார் 400 கலோரி, 15 கிராம் புரதம். கம்பில் தீட்டிய அரிசியைவிடப் பல மடங்கு இரும்புச்சத்து உண்டு. மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்க வைப்பது ருசிக்காக மட்டுமல்ல. தானியத்தில் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் புளிக்கும்போது குறைகிறது. இரும்பு உடம்பில் சேர வழி கிடைக்கிறது. என் அப்பத்தாவுக்கு ஃபைட்டேட் தெரியாது. புளிக்க வைக்கத் தெரியும்.

2. முளைகட்டிய பாசிப்பயறு: 50 கிராம் பயறு, தேங்காய்ப்பூ கொஞ்சம், எலுமிச்சைச் சாறு, ஒரு வாழைப்பழம். பயறில் மட்டும் 11 கிராம் புரதம். எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி இரும்புச்சத்தை உடம்பு ஏற்றுக்கொள்ள உதவும்.

3. கேழ்வரகுக் கஞ்சி: பாலோ மோரோ கலந்தது. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தானியங்களில் இதற்கு ஈடு இல்லை.

4. விடுதி இட்லி: நாலு இட்லி, சாம்பார், ஒரு அவித்த முட்டை. சட்னியை மட்டும் தொட்டுக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். சாம்பாரில் பருப்பு இருக்கிறது, அடியில் கிடக்கும். கரண்டியை அடிவரை விட்டு எடுங்கள்!

இனிப்பு குற்றவாளியா?

இப்போது ஆசைக்கு வருவோம். இனிப்பையே தொடக்கூடாதா? அப்படி எந்த வழிகாட்டியும் சொல்லவில்லை. 2000 கலோரிச் சாப்பாட்டில், சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது 2024 வழிகாட்டி. வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். "வெல்லந்தானே" என்று தப்பிக்க முடியாது.

ஒரு நாள் என் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தேன். டீ 4, ஒரு டீக்கு 10 கிராம் சர்க்கரை, ஆக 40 கிராம். இனிப்பே சாப்பிடாத நாளில் 40! ஊர் உலகத்துக்கெல்லாம் "நான் ஸ்வீட் தொடுறதில்ல" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தவன் நான். 300 மில்லி கோலா பாட்டிலில் சுமார் 32 கிராம். வயிற்றில் போனதுகூடத் தெரியாமல் போகிற சர்க்கரை இவைதான்.

ஒரு கடலைமிட்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். 30 கிராம் துண்டில் சுமார் 12 கிராம் வெல்லம், மீதி கடலை. 150 கலோரி, நாலரை கிராம் புரதம். 60 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் ஓடினால் சுமார் 60 கலோரி செலவாகும். ஆக, இரண்டரை கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஒரு கடலைமிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் என்றால் இன்னும் விசேஷம். டீயை இரண்டாகக் குறைத்து, சர்க்கரையைப் பாதியாக்கினால் 10 கிராம். அதோடு மிட்டாய் 12 கிராம். மொத்தம் 22. கணக்குக்குள் வந்துவிட்டது. இனிப்பும் போகவில்லை!

பழமும் இனிப்புத்தான். நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. சாயங்காலம் ஒரு கொத்து பன்னீர் திராட்சையைவிட என்ன இனிப்பு வேண்டும்?

பாயசம், கேசரி செய்யும் நாளில் ஒரு யுக்தி உண்டு. கேசரிக்கு ஒரு பங்கு ரவைக்கு ஒன்றரை, இரண்டு பங்கு சர்க்கரை போடுவது வழக்கம். அதை ஒரு பங்காகக் குறைத்து, ஏலக்காயை நன்றாகத் தட்டிப் போடுங்கள். மணம் நாக்கை ஏமாற்றும். குங்குமப்பூவுக்கும் வெனிலாவுக்கும் அடுத்தபடி விலை உயர்ந்த வாசனைப் பொருள் ஏலக்காய். போடியில் ஏலம் போய் உலகமெல்லாம் போகிறது. அதைப் பறிக்கிறவர்கள் வீட்டில் தீபாவளிப் பாயசத்துக்கு மட்டும்தான் இரண்டு காய் விழும் என்பது வேறு கதை.

பள்ளிக்கூடம் சொல்லும் பாடம்

காலைச் சாப்பாடும் இனிப்பும் ஒரே பட்டியலில் சேர்ந்ததற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதலில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள். 2023 ஆகஸ்டில் சுமார் 31,000 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவை அல்லது அரிசி அல்லது சேமியா, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, உள்ளூர்க் காய்கறி. திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல் என்று போகிற 2022 பட்டியலில், வெள்ளிக்கிழமை கிச்சடியோடு கேசரியும் இருந்தது.

கவனியுங்கள். ஐந்து நாளில் ஒரு நாள் இனிப்பு. அதுவும் வெறும் வயிற்றில் அல்ல, காய்கறி போட்ட கிச்சடியோடு. இந்த ஒழுங்கைத்தான் நாமும் பின்பற்ற வேண்டும்.

1956-இல் காமராசர் காலத்தில் மதிய உணவு வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவு வந்தது. என் அம்மா அந்தச் சத்துணவுக்காகத்தான் பள்ளிக்கூடம் போனாராம். ஐந்தாவதோடு நிறுத்திவிட்டு மலை ஏறிவிட்டார். இப்போது என் அக்கா மகன் காலையிலேயே பள்ளியில் சாப்பிட்டுவிட்டுப் பாடம் படிக்கிறான்.

அம்மாவின் தூக்குச்சட்டி

இத்தனையும் படித்து, எனக்கு ஒரு பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினேன். பெருமையாக அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நல்லா இருக்கு ராசா, அப்படியே சாப்புடு" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீ காலையில என்னம்மா சாப்புடுற?"

"மலைக்குப் போயி ஒரு டீயக் குடிச்சுக்கிருவேன். மத்தியானம் சோறு இருக்குல்ல."

4 மணிக்கு எழுந்து எனக்கும் அப்பாவுக்கும் சோறாக்கிவிட்டு, ஜீப் ஏறி, மத்தியானம் வரை சரிவில் குனிந்து காய் எடுக்கிறவர் குடிப்பது ஒரு டீ. அந்த மாதம் மருத்துவ முகாமில் இரத்தம் பார்த்தார்கள். 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8.6 இருந்தது. டாக்டரம்மா கேட்டதும் அதே கேள்விதான்: "காலையில என்ன சாப்பிடுறீங்க?" அம்மாவும் என்னைப் போலவே பதில் சொல்லாமல் நின்றார். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை. நம் ஒவ்வொருவர் வீட்டிலும் பார்த்தால் ஒருவராவது இருப்பார்.

இப்போது ராத்திரி கம்பு மாவு கரைத்து வைப்பது என் வேலை. விடிகாலை ஓடப்போகுமுன் கூழ் காய்ச்சி, மோர் ஊற்றி, அம்மாவின் தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுக்கிறேன். வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்கு டீ கூடாது, டீ இரும்புச்சத்தைச் சேரவிடாது என்று சொல்லியிருக்கிறேன். காகிதத்தில் மடித்து ஒரு கடலைமிட்டாய், சாயங்காலம் இறங்கும்போது சாப்பிட. முதல் நாள், "எனக்கெதுக்குடா முட்டாயி, நான் என்ன சின்னப்புள்ளயா?" என்றார். இப்போது வைக்க மறந்தால் கேட்கிறார்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் 10.4. டாக்டரம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்துதான் இது. கூழ் மட்டும் செய்ததாகப் பொய் சொல்லமாட்டேன். நானும் 1500 மீட்டரை 6 நிமிடம் 40 நொடியில் ஓடுகிறேன்.

நண்பர்களுக்குச் சுருக்கமாக:

• வெறும் வயிற்றோடு பட்டறைக்கு வராதீர்கள்.
• காலைத் தட்டில் தானியத்தோடு பருப்போ, கடலையோ, முட்டையோ ஒன்று இருக்கட்டும்.
• டீயிலும் பாட்டிலிலும் ஒளிந்திருக்கும் சர்க்கரையை முதலில் குறையுங்கள். பிறகு இனிப்பைச் சாப்பாட்டுக்குப் பிறகோ, ஓட்டத்துக்குப் பிறகோ, அளவோடு, ஆசையோடு சாப்பிடுங்கள்.
• சர்க்கரை நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் டாக்டர் சொல்கிற கணக்குதான் கணக்கு.
• கடைசியாக ஒன்று. இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேளுங்கள். நம்மைப் படிக்க வைப்பவர்களின் பசியை நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அளவுக்குள் இருந்தால் கடலைமிட்டாயும் அமிர்தம்தான். குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.