‘ஃபைபர் அழுகாது தம்பி!’

கோவளத்திலிருந்து தெற்கே நெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரை நெடுகக் குப்பங்கள். பங்குக்குத் தொழில் போகும் இளைஞர் யாரைக் கேட்டாலும், சொந்தமாக ஒரு போட் வேண்டும் என்பார். புதுப் போட்டும் புது எஞ்சினும் சேர்த்து வாங்கப் பணம் போதாது. அதனால் முதல் போட் பெரும்பாலும் பழைய போட்தான். விற்பவரும் தெரிந்தவராக இருப்பார். சில சமயம் மாமன், சித்தப்பா முறையாகவும் இருப்பார். அவர் எதிரில் போட்டைத் தட்டிப் பார்ப்பதும் எஞ்சினைக் கழற்றச் சொல்வதும் மரியாதைக் குறைவு என்று நினைத்து, சொன்னதை நம்பி முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தக் கூச்சம் இந்தக் கரைக்கு ஆகாது. இங்கே துறைமுகம் கிடையாது. காசிமேட்டுத் துறைமுகத்தில் கட்டுவதுபோல அமைதியான நீரில் படகைக் கட்டிவைக்க முடியாது. போகும்போதும் அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வரும்போதும் அதே அலையோடு வந்துதான் மணலில் ஏற வேண்டும். எஞ்சின் நிற்பதும் பின்பலகை விடுவதும் நடுக்கடலில் நடந்தால் உதவிக்குக் காத்திருக்கலாம். அலை உடையும் இடத்தில் நடந்தால் படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும். அதனால்தான் கரையில் வாய்வழியாகச் சொல்லப்படும் சில நம்பிக்கைகளைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

“ஃபைபர் அழுகாது, ஆயுசுக்கும் நிக்கும்.”

கண்ணாடி இழை அழுகாது என்பது சரி. ஆனால் போட் என்பது இழை மட்டும் இல்லை. மேட் எனப்படும் இழைப்பாயை அடுக்கடுக்காக விரித்து, பாலியெஸ்டர் ரெசினில் ஊறவைத்து இறுகவிட்டுச் செய்வது. இழை முழுதும் ரெசின் குடித்திருந்தால்தான் பலம். ஹார்ட்னர் அளவு தவறினாலும், ஈரக்காற்றில் அவசரமாகப் பூசினாலும், நடுவில் காற்றுக்குமிழி தங்கினாலும் அடுக்குகள் ஒன்றோடொன்று பிடிக்காது. வெளிப்பூச்சு அதை அழகாக மூடிவிடும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மணலில் ஏறி இறங்கும் படகுக்கு என்னென்ன தேவை என்பது இந்தக் கரைக்குப் புதிதில்லை. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், 1980-களிலேயே கரையேறும் படகுகளை வடிவமைத்துக் கடலில் ஓட்டிச் சோதித்தது. ஆனால் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு எல்லாம் அவசரமாக நடந்தது. கட்டுமரங்களை இழந்த குப்பங்களுக்குத் தொண்டு நிறுவனங்கள் ஃபைபர் போட்டுகளை வாரி வழங்கின. தேவை திடீரென்று பெருகியதால் படகு கட்டும் கொட்டகைகள் கடற்கரை முழுக்க முளைத்தன. தேர்ந்த கைகள் அத்தனை இல்லை. தரக்குறைவான படகுகள் கரைக்கு வருகின்றன என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு உட்படப் பலரும் அப்போதே எச்சரித்தார்கள். அந்த ஆண்டுகளில் கட்டிய போட் ஒன்று உங்கள் முன் விலைக்கு நின்றால் அதற்கு வயது ஏறக்குறைய இருபது. ஆகவே முதல் கேள்வி: எந்த ஆண்டு, எந்த யார்டில், யார் கட்டியது? நல்ல யார்டில் கட்டிப் பொறுப்பாக வைத்திருந்த பழைய போட், அவசரத்தில் கட்டிய புதிய போட்டைவிட எவ்வளவோ மேல். வயதை மட்டும் பார்த்து விலக்கவும் வேண்டாம், ஏற்கவும் வேண்டாம்.

அடுத்து, தட்டிப் பாருங்கள். சின்ன மரச்சுத்தியோ தடித்த நாணயமோ போதும். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடம், நீர் கோத்த இடம் சொத்தென்று கேட்கும். காலையில் செய்யுங்கள். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிட்டால் காற்றும் அலையும் சேர்ந்து இந்த வித்தியாசத்தை மறைத்துவிடும். உள்பக்கம் பெயின்ட் அடிக்காத இடம் இருந்தால், இருட்டிய பிறகு வெளியிலிருந்து பளிச்சென்ற டார்ச்சை ஒட்டிப் பிடித்து உள்ளிருந்து பாருங்கள். ரெசின் குடிக்காத இழை வெண்மையாகத் தெரியும். மெலிந்த இடத்தில் வெளிச்சம் கூடுதலாக வரும்.

கரையேறும் படகின் நோய் வேறு, நீரிலேயே கிடக்கும் படகின் நோய் வேறு. முட்டுக்காடு கழிமுகம்போல உப்பங்கழியில் நாள்கணக்கில் மிதந்து கிடந்த படகில் நீர்மட்டத்துக்குக் கீழே கொப்புளங்களைத் தேடுங்கள். குத்தினால் புளித்த காடிபோல வாடையடிக்கும் நீர் வரும். நீர் அடுக்குக்குள் போய்விட்டது என்று அர்த்தம். தினமும் மணலில் ஏறிக் காயும் போட்டில் இந்தத் தொல்லை குறைவு. அதில் ஏராதான் தேயும். மணலில் இழுபட்டு இழுபட்டு வெளிப்பூச்சு போய், இழை பஞ்சுபோல வெளியே தெரிந்தால் அந்த வழியாக நீர் ஊறிக்கொண்டே இருக்கும். போட்டைச் சாய்த்துவைத்து ஏராவை முழுதும் பார்க்காமல் விலை பேசக் கூடாது. சாய்க்க ஆள் வேண்டும் என்று விற்பவர் தயங்கினால், ஆள் கூலியை நீங்கள் கொடுங்கள். உள்ளே, குறுக்குப்பலகைகளும் விலாச்சட்டங்களும் உடம்போடு சேரும் இடங்களில் சிலந்திவலைபோல விரிசல் ஓடியிருக்கிறதா என்றும் பாருங்கள். அலையில் அடிபடும்போது அடித்தளம் வளைந்து கொடுக்கும். வளையாத சட்டம் முடியும் இடத்தில்தான் முதலில் வெடிக்கும்.

எஞ்சின் மாட்டும் பின்பலகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் நடுவே பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். ஃபைபர் அழுகாவிட்டாலும் பிளைவுட் அழுகும். போல்ட் துளை வழியே நீர் இறங்கி உள்ளே ஆண்டுக்கணக்கில் தின்றுகொண்டிருக்கும். எஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். பலகை எஞ்சினோடு சேர்ந்து அசைந்தாலோ, போல்ட்டைச் சுற்றிப் பழுப்பாகக் கறை வடிந்திருந்தாலோ அந்தப் பலகையைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அந்தச் செலவை விலையில் கழிக்க விற்பவர் ஒப்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

“போன மாசந்தான் பெயின்ட் அடிச்சோம், புதுசாட்டம் இருக்கு பாரு.”

விற்பதற்கு முன் அடித்த பெயின்ட் வாங்குபவருக்கு எந்த உதவியும் செய்வதில்லை. 2016-இல் வர்தா, 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரத்தை ஒட்டிக் கரைகடந்த மாண்டஸ், அடுத்த ஆண்டு மிக்ஜாம் என்று இந்தக் கரை பல புயல்களைப் பார்த்துவிட்டது. அப்போது ஒன்றோடொன்று மோதி உடைந்த போட்டை ஒட்டி ஓட்டுவதில் தவறே இல்லை. ஒட்டிய விதம்தான் கேள்வி. உடைந்த இடத்தைச் சுற்றி அகலமாகச் சரிவாக இழைத்து, காயவிட்டு, மேட்டும் ரெசினும் அடுக்கி மூடியிருந்தால் அது பல காலம் தாங்கும். விரிசலில் பட்டி வைத்துத் தேய்த்துப் பெயின்ட் அடித்திருந்தால் நாலு பெரிய அலைக்கு மேல் நிற்காது. உள்பக்கம் கைவைத்துத் தடவினால் தெரிந்துவிடும்: மேட் போட்டு ஒட்டிய இடம் தடித்திருக்கும், பட்டி வைத்த இடத்தில் உள்ளே எதுவுமே செய்திருக்காது. “எங்கே அடிபட்டது, யார் ஒட்டினார்கள்” என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்பவரிடம் பேச்சைத் தொடருங்கள்.

“உள்ள தெர்மாகோல் இருக்கு. கவுந்தாலும் முழுகாது.”

இந்த வாக்கியத்தை நம்பித்தான் லைஃப் ஜாக்கெட்டைக் கரையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அதனால் இதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். மிதப்புக்கென்று அணியத்திலும் ஓரங்களிலும் மூடிய அறைகள் வைத்து, உள்ளே நுரைப்பொருள் நிரப்புவார்கள். பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரின் இருக்கிறது. அது தெர்மாகோலைக் கரைத்துவிடும். தெர்மாகோல் மேல் நேரடியாக ரெசின் பூசி மூடியிருந்தால், உள்ளே பாதி வெறும் குழியாக இருக்கலாம். பாலியூரித்தேன் நுரைக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அறையில் விரிசல் விழுந்து ஆண்டுக்கணக்கில் நீர் நின்றால் அதுவும் நீரைக் குடிக்கும். அப்போது மிதக்கவைக்க வேண்டிய பொருளே பாரமாகிவிடும். ஒரே அளவுள்ள இரண்டு போட்டுகளில் ஒன்றைத் தள்ள மட்டும் கூடுதல் ஆள் தேவைப்படுகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். விற்பவர் சம்மதித்தால் அறையின் அடிப்பகுதியில் சிறிய துளை போடுங்கள். நீர் வந்தால் விடை கிடைத்துவிடும், வராவிட்டால் அடைத்துக்கொள்ளலாம். எது எப்படியிருந்தாலும் ஆளுக்கொரு ஜாக்கெட்டை வாங்கும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

“எஞ்சின் ஒரே இழுப்புல எழுந்திரிச்சிடும்.”

சூடாக இருக்கும் எஞ்சின் எழுந்துவிடும். நீங்கள் வருவதற்குச் சற்று முன் ஓட்டிவைத்திருந்தால் பழுதான எஞ்சினும் எழும். சொன்ன நேரத்துக்கு முன்னால் போய், மூடியைத் திறந்து சிலிண்டரில் கைவையுங்கள். குளிர்ந்திருந்தால்தான் சோதனை. வெதுவெதுப்பாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு, ஆறும்வரை காத்திருங்கள்.

அவுட்போர்டு ஓடத் தொடங்கியதும் பக்கத்துச் சிறு துளையிலிருந்து நீர் விடாமல் பீய்ச்சி வர வேண்டும். மெல்லிய நூலாக வந்தாலோ விட்டுவிட்டு வந்தாலோ நீர் பம்ப் தேய்ந்திருக்கும், அல்லது உப்பு படிந்து நீர்வழி அடைத்திருக்கும். பிறகு எஞ்சினை நிறுத்தி, அடியில் கியர் ஆயில் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் பால்கலந்தாற்போல வந்தால் சீல் போய்க் கடல்நீர் கியருக்குள் நுழைந்திருக்கிறது. இரண்டு சிலிண்டர் எஞ்சினாக இருந்தால் மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிஸ்டன், ரிங் செலவு காத்திருக்கிறது.

இந்தக் கரையில் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்க வேண்டியது, எஞ்சின் முழுகி எழுந்ததா என்பது. அலையில் கவிழ்ந்து உப்புநீர் குடித்த எஞ்சினை உடனே நன்னீரில் அலசி, பிரித்து, ஆயில் போட்டு ஓட்டியிருந்தால் பிழைக்கும். இரண்டு நாள் அப்படியே கிடந்திருந்தால் பேரிங்குகளை அரிப்பு தின்றிருக்கும். சில மாதம் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று இறுகிக்கொள்ளும். ஃப்ளைவீலுக்கு அடியிலும் வயர் இணைப்புகளிலும் உப்புப்பூவோ மணலோ இருக்கிறதா என்று பாருங்கள். உடன் தொழில் போன ஆட்களிடம் தனியாகக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் எஞ்சின் முழுகாது.

லாங்டெயில் டீசல் எஞ்சினுக்குச் சோதனை வேறு. சுமை ஏறும்போது நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. நீண்ட தண்டைக் கையால் சுழற்றிப் பார்த்தால் வளைவும் பேரிங் ஆட்டமும் தெரிந்துவிடும்.

“ஹெச்பி கூடுதலா இருந்தா அலையை வெட்டிட்டுப் போவும்.”

அலையைத் தாண்டத் தேவையானது சொன்னவுடன் சக்தி தரும் நம்பகமான எஞ்சின். வலையும் மீனும் ஏற்றிய பாரப்படகின் வேகத்துக்கு அதன் நீளமே எல்லை வகுக்கிறது. நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள படகுக்கு அது மணிக்கு ஏறக்குறைய 6.7 நாட்டிக்கல் மைல். அதற்கு மேல் கொஞ்சம் வேகம் கூட்டவும் எரிபொருள் ஏராளமாகச் செலவாகும். பெரிய எஞ்சினின் பாரமும் உந்துவிசையும் தாங்காமல் பின்பலகைதான் முதலில் விடும். போட்டுக்கு வேறொரு போட்டின் எஞ்சினை மாட்டி விற்கிறார்களா என்பதையும் பாருங்கள். அவுட்போர்டின் கால் பொதுவாக 15 அங்குலம், 20 அங்குலம் என இரண்டு நீளங்களில் வரும். விசிறிக்கு மேலே உள்ள தட்டு படகின் அடிமட்டத்தை ஒட்டி நிற்க வேண்டும். கால் குட்டையாக இருந்தால் அலைமுகட்டில் விசிறி காற்றில் சுற்றும். சக்தி தேவைப்படும் அந்த நொடியில் உந்துதல் இருக்காது.

“பேப்பர் எங்க போவப்போவுது? நம்ம ஊருதானே.”

தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. பதிவும் உரிமமும் இல்லாத போட் கடலுக்குள் போகக் கூடாது. பதிவு இப்போது ரியல்கிராஃப்ட் இணையதளம் வழியாக நடக்கிறது. போட்டின் மேல் எழுதிய எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா, எஞ்சின் எண் பொருந்துகிறதா என்று பார்த்து, மீன்வளத்துறை அலுவலகத்தில் பெயர் மாற்றிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். பெயர் மாறாத போட்டுக்கு விற்பனை வரி விலக்கு டீசலும் புயல் நிவாரணமும் உங்கள் பெயரில் வராது. போட்டின் மேல் சங்கக் கடன், வங்கிக் கடன் இருக்கிறதா, எஞ்சின் மானியத்தில் வாங்கியதா என்பதையும் அங்கேயே விசாரித்துவிடலாம். ஏலக்காரரிடம் வாங்கிய முன்பணம் எந்த அலுவலகத்திலும் பதிவாகியிருக்காது. மீனை அவரிடம்தான் போட வேண்டும் என்ற கட்டு போட்டோடு சேர்ந்து உங்கள் தலையில் விழாமல் இருக்க, ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னிலையில் பேசி முடியுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதி நடத்துவோரும் பழைய போட் தேடுகிறார்கள். மீன்பிடிப் படகுப் பதிவை வைத்துக்கொண்டு சுற்றுலாப் பயணிகளை ஏற்ற முடியாது. உப்பங்கழியில் ஆள் ஏற்றும் படகுக்கு 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி தனிச் சான்று வேண்டும்.

“கரையில பார்த்தாச்சு, போதும்.”

போதாது. வலையும் ஐஸ் பெட்டியும் வழக்கமான ஆள்களும் ஏறிய பாரத்தோடு, விற்பவரே சுக்கான் பிடிக்க, ஒருமுறை கடலுக்குப் போய் வாருங்கள். போகும் முன் உட்பக்கத்தைத் துடைத்துக் காயவைத்துவிட்டுப் போங்கள். அலை தாண்டியதும் முழு வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடச் சொல்லி, பின்பலகையில் கைவைத்து அதிர்வைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, சூடாக இருக்கும்போதே மறுபடி கிளப்புங்கள். குளிரில் எழுந்து சூட்டில் எழாத எஞ்சின்களும் உண்டு. கைப்பிடியை விட்டால் போட் ஒரே பக்கம் இழுக்கிறதா என்பதையும் கவனியுங்கள். திரும்பிக் கரையேறியதும் அடித்தக்கையைக் கழற்றி எவ்வளவு நீர் வருகிறது என்று ஒரு குடத்தில் பிடியுங்கள். அலை தெறித்து உள்ளே விழுந்த நீர் கொஞ்சம் இருக்கும். குடம் நிறைந்து மேலும் வந்தால், போட்டை மறுபடி சாய்த்து, நீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்த பிறகே விலையைப் பேசுங்கள்.