அண்டையூரின் கரை

நிலத்தை எல்லையிட்டுப் பிரித்துக் கொள்ளுதல் மக்கட்கு இயலும். வெள்ளத்தை அவ்வாறு பிரித்தல் இயலாது. ஆற்றின் இக்கரையை ஓர் ஊரார் உயர்த்துவாராயின், வெள்ளம் தாழ்ந்து கிடக்கும் எதிர்க்கரையை நாடும். ஆகலின், தன் கரையை மட்டும் பேணும் ஊர் பிறரைக் காவாமையோடு, முடிவில் தன்னையும் காவாது. இவ்வுண்மையை ஒல்லாந்தர் நாடாகிய நெதர்லாந்தின் வரலாற்றால் ஈண்டு ஆராய்வோம்.

அந்நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் கடல் மட்டத்திற்குத் தாழ்ந்தது. ரைன், மாஸ் முதலிய பேராறுகள் அதனூடே சென்று கடலிற் கலக்கின்றன. தாழ்நிலத்தைச் சூழக் கரையெழுப்பி, உள்ளே ஊறித் தேங்கும் நீரை முன்னாளிற் காற்றாலைகளாலும், பின்னர் நீராவி, மின்விசை இயந்திரங்களாலும் இறைத்து, அம்மக்கள் பயிர்செய்து வாழ்கின்றனர். இங்ஙனம் அமைந்த நிலத்திற்குப் பொல்டர் என்று பெயர். கரையையும் மதகையும் காக்கும் பொருட்டு, 13ஆம் நூற்றாண்டு முதலாக ஆங்கு நீர்வாரியங்கள் தோன்றின. வாரியத்தார் பெரும்பாலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவர். தாமே வரி விதித்துத் தண்டும் உரிமையும் உடையர்.

இத்துணைப் பழைமையும் உரிமையும் வாய்ந்த வாரியங்கட்கும் ஒரு குறை இருந்தது. 1950ஐ ஒட்டிய காலத்தில் அவற்றின் தொகை 2,500க்கு மேற்பட்டிருந்தது. அவற்றுட் பல மிகச் சிறியன. வருவாய் சிறிதாகவே கரையும் மெலிந்தது. கரைகளின் உயரம் போதாதெனப் பொறியறிஞர் யோகன் வான் வேன் என்பார் முன்னரே எச்சரித்திருந்தார்; எனினும் அவர் கூறியபடி கரைகள் உரிய காலத்தில் உயர்த்தப்படவில்லை.

1953ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் இரவு, பெருங்காற்றும் உவாநாட் பெருக்கும் ஒருங்கே வந்தன. வடகடல் பொங்கிக் கரைமேல் வழிந்து, அவற்றின் உட்புறச் சரிவை அரித்துத் தகர்த்தது. விடியுமுன் தென்மேற்குத் தீவுகள் பல நீருள் மூழ்கின. அந்நாட்டில் மட்டும் 1,836 பேர் மாண்டனர்.

இவ்வழிவின்பின் நாடு இரண்டு வழிகளை மேற்கொண்டது. ஒன்று, கழிமுகங்களை அணைகளாலும், புயற்காலத்தில் மூடும் பெருங்கதவுகளாலும் காத்தல். மற்றொன்று, சிறு வாரியங்களை ஒன்றோடொன்று இணைத்தல். இணைந்து இணைந்து, இன்று அவை 21 ஆயின. தொகை குறைந்தும் தேர்தலும் வரியுரிமையும் ஒழியவில்லை.

இவற்றினும் சிறந்தது செலவைப் பகிரும் முறை. முதன்மையான கரையொன்றை வலுப்படுத்த வேண்டின், செலவில் நூற்றுக்கு 50 பங்கை அரசு தரும். 40 பங்கை எல்லா வாரியங்களும் கூடித் தரும். எஞ்சிய 10 பங்கையே அக்கரைக்குரிய வாரியம் ஏற்கும். எனவே மேட்டுநிலத்தில் வாழ்வோனும் தான் ஒருபோதும் காணாத கடற்கரைக்கு வரி செலுத்துகின்றான்.

‘என் வீட்டில் நீர் ஏறாது, யான் ஏன் செலுத்தல் வேண்டும்?’ என்று அவன் வினவக்கூடும். அவ்வினா இகழத்தக்கதன்று. ஆயினும் அவன் உண்ணும் உணவு விளைவதும், அவன் பொருள் ஏற்றுமதியாகும் துறைமுகம் அமைந்திருப்பதும் தாழ்நிலத்திலேயாம். அஃது அழியின் அவன் மேடும் வறுமையுறும்.

பொருள் மட்டுமன்றி, நிலத்தையும் ஈய நேர்ந்த காலம் உண்டு. 1995இல் ஆறுகள் பெருகியபோது ஏறத்தாழ 2,50,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். கரைகள் உடையவில்லை, ஆயினும் கரையை மேன்மேலும் உயர்த்துதலே வழியன்று என்பது அப்போது தெளிவாயிற்று. ஆற்றிற்கு இடம் விடும் திட்டம் எழுந்தது. 30க்கு மேற்பட்ட இடங்களில் அது நிறைவேறியது. நெய்மேகன் நகருக்கு எதிரேயுள்ள லென்ட் என்னுமிடத்தில் கரை 350 மீட்டர் உள்ளே தள்ளி அமைக்கப்பட்டது. சுமார் 50 வீடுகள் அகற்றப்பட்டன. அதனால் ஆங்கு வெள்ளத்தின் உயரம் ஓரடிக்கு மேற் குறையும். பலர் ஊர் பிழைக்கச் சிலர் தம் முற்றத்தை இழந்தனர். ஈட்டுத்தொகை வீட்டின் விலையைத் தரும். பிறந்த இடத்தின் நினைவிற்கு விலை யாது? இவ்விழப்பைத் தாங்கியோரை மறப்பதாயின் கூட்டுறவு என்னும் சொல் பொருளற்றதாகும்.

இனி, உலகின் வெப்பம் மிகுதலாற் கடல் உயர்ந்துவருகின்றது, மழையும் கடுமையுறுகின்றது. 2021 சூலைத் திங்களிற் பெய்த பெருமழையாற் செருமனியிலும் பெல்ஜியத்திலும் 200 பேருக்கு மேல் இறந்தனர். பெல்ஜியத்தினின்று வரும் சிற்றாறொன்று பெருகி, நெதர்லாந்தின் வால்கென்பர்க் நகரைப் பாழ்படுத்திற்று. ஆதலின் ஊரெல்லையைக் கடந்த ஒற்றுமை நாட்டெல்லையையும் கடத்தல் வேண்டும். ரைன் ஆற்றின் பொருட்டுச் சுவிட்சர்லாந்து, பிரான்சு, செருமனி, லக்சம்பர்க்கு, நெதர்லாந்து ஆகிய நாடுகள் 1950இல் அமைத்த பன்னாட்டுக் குழு, முதலில் ஆற்றின் மாசு நீக்கவே எழுந்தது. பின்னர் வெள்ளங் காக்கும் பணியையும் மேற்கொண்டது.

கல்லும் மண்ணும் கரையாவதற்குமுன், பிறர் கரையும் நம் கரையே என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் உருப்பெறல் வேண்டும். அவ்வெண்ணம் இல்லாதவிடத்து எவ்வளவு உயர்ந்த கரையும் தாழ்ந்ததேயாம்.