கருமுகிலும் விண்மீன் கருவும்

சேர்வராயன் மலையில், கரடியூர்ப் பக்கம் மூடுபனி இறங்கும் இரவுகளில் தொலைவிலுள்ள விளக்குகள் ஒவ்வொன்றாய் மறைவதை மலைவாழ் மக்கள் நன்கறிவர். விளக்குகள் அணைவதில்லை, இடையே பனி நிற்கிறது. பால்வீதியில் விண்மீன்களே இல்லாதனபோல் தோன்றும் கரும்பகுதிகளும் இத்தகையனவே. பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் அவற்றை வானத்தின் துளைகள் என்றே எண்ணினார். உண்மையில் அவை தூசும் வாயுவும் செறிந்து பின்னொளியை மறைக்கும் மூலக்கூற்று முகில்களாம்.

இம்முகில்களினுள் ஆங்காங்கே திரண்டிருக்கும் செறிவுகளை எச்சொல்லால் குறிப்பது? 'அடர் உள்ளகம்' எனலாம். நாமோ 'அடர்கரு' என்பதையே விரும்புகிறோம். தமிழில் கரு என்பது கருமையையும் சுட்டும், சூலையும் சுட்டும். அணுக்கருவோடு குழம்புமே எனின், 'அடர்' என்னும் அடைமொழி அதனைத் தவிர்க்கும்.

அடர் என்றதும் பாறையை நினைத்துவிடலாகாது. நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உள்ளன. அடர்கருவிலோ சில பத்தாயிரங்களே! ஆயினும் அதன் குறுக்களவு ஒளியாண்டில் மூன்றில் ஒரு பங்கு அளவினதாதலின், ஒரு கதிரவனுக்கு வேண்டிய பொருள் அதனுள் அடங்கிவிடுகிறது.

அங்கே வெப்பநிலை கழித்தல் 263 டிகிரி செல்சியஸ். இக்குளிரே பிறப்புக்குக் காரணம் என்பது வியப்பன்றோ? வாயுவின் வெப்ப இயக்கம் வெளியே தள்ளுகிறது. ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது. குளிரில் தள்ளும் விசை தளர, ஈர்ப்பு வெல்கிறது. இக்கணக்கை 1902இல் ஜேம்ஸ் ஜீன்ஸ் வகுத்தார். சுருங்குந்தோறும் சுழற்சி விரைவுறும்; பொருளின் ஒரு பகுதி வட்டத்தட்டாய்ப் பரவும். கோள்கள் உருவாவது அத்தட்டில்தான். நடுவில் வெப்பம் ஒரு கோடி டிகிரியை எட்டுகையில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. கதிரவன் போன்ற ஒன்று இந்நிலையை அடையச் சில கோடி ஆண்டுகள் ஆகும்.

ஏற்காட்டுக்கு வடகிழக்கே, சவ்வாது மலையின் காவலூரில், வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. அத்துணைப் பெரிய கண்ணாடியாலும் அடர்கருவின் உள்ளே காண இயலாது. கண்ணுறும் ஒளி அங்கிருந்து வெளிவருவதில்லை. வானொலி அலைகளோ தூசைக் கடந்து வரும். 1970இல் மிருகசீரிடப் பகுதியின் முகிலில் கார்பன் மோனாக்சைடு உமிழும் 2.6 மில்லிமீட்டர் அலை கண்டறியப்பட்ட பின்னரே இம்முகில்களின் உட்புறம் ஆய்வுக்குட்பட்டது.

தை மாத இரவில் மாணவர்கள் அப்பகுதியைத் தாமே காணலாம். வரிசையாய் நிற்கும் மூன்று மீன்களுக்குத் தெற்கே மங்கலான புகைபோல் ஒன்று தெரியும். அதற்கப்பால் ஒளிர்வது ரைகல். அரபியில் கால் எனப் பொருள்படும் 'ரிஜ்ல்' என்பதன் திரிபு. அப்புகையினுள் விண்மீன்கள் இன்றும் பிறந்துகொண்டிருக்கின்றன. அதன் தொலைவு ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுகள். இன்று நம் கண்ணை எட்டும் அவ்வொளி புறப்பட்ட காலத்தில் காஞ்சியில் பல்லவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது.