ஒளியைக் குவிக்கும் நுண் அலைவாங்கி

நள்ளிரவில் கடல்மீது புயல் திரள்கிறது. காரிருளிலும் அதனை இன்சாட் செயற்கைக்கோள் கண்டுவிடுகிறது. எவ்வாறு? வெப்பமுள்ள பொருள்கள் யாவும் அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகின்றன. 1800ஆம் ஆண்டில் வில்லியம் எர்செல் கண்டறிந்த இக்கதிர் நம் கண்ணுக்குப் புலப்படாது; உணரி என்னும் கருவியே அதனை அறியும்.

ஆனால், உணரிக்கும் ஓர் இடர் உண்டு. தன் வெப்பத்தாலேயே அதனுள் வீண் மின்னோட்டம் எழும். மெல்லிய கதிர் அவ்விரைச்சலில் மறைந்துவிடும். அதனால் சிலவகை உணரிகளைத் திரவ நைட்ரஜனால் சுழியத்துக்குக் கீழே 196 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்கின்றனர். உணரியை மெலிதாக்கினால் இரைச்சல் குறையும். அது பற்றும் ஒளியும் உடன் குறையும். இதற்கு வழி என்ன?

இங்கே அலைவாங்கி துணை செய்கிறது. வானொலியின் ஆண்டெனா அலைநீளத்துக்கு ஏற்ற அளவில் அமைவது. நம் உடல் மிகுதியாக வெளியிடும் கதிரின் அலைநீளமோ ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர். எனவே, அதற்குரிய அலைவாங்கி தலைமயிரின் தடிமனிலும் சிறியது. பொன்னாலான இத்தகைய நுண்ணமைப்புகளை உணரியின்மேல் வரிசையாகப் பதிக்கின்றனர். அவை ஒளியை மெல்லிய படலத்துள் குவிக்கின்றன. ஒளி குன்றாமலே இரைச்சல் தணிகிறது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தார் இவ்வகை உணரிகளை உருவாக்கியுள்ளனர்.

உருவம் சிறிதெனினும் பயன் பெரிதன்றோ!

சொற்பொருள்: இடர் – இடையூறு, படலம் – மெல்லிய அடுக்கு, குன்றாமல் – குறையாமல்.

சிந்தித்து எழுதுக: உணரியை மெலிதாக்குவதால் விளையும் நன்மை யாது? குறை யாது? அக்குறையை அலைவாங்கி எவ்வாறு நீக்குகிறது?